சுவர் எரியவில்லை, துளை எரிந்தது

1975 மார்ச் 22, நண்பகல். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். கேபிள்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு உலைக் கட்டடத்துக்குள் போகும் இடத்தில் காற்று கசிகிறதா என்று ஒரு தொழிலாளி மெழுகுவர்த்தியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடர் சாய்ந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். கசிந்த இடத்தில் பாலியூரித்தேன் ஃபோமைத் திணித்துவிட்டு, மறுபடி சுடரைக் காட்டினார். உலைக் கட்டடத்துக்குள் காற்றழுத்தத்தை எப்போதும் குறைவாகவே வைத்திருப்பார்கள். அது சுடரை உள்ளே இழுக்க, ஃபோம் பற்றிக்கொண்டது. தீயை முழுதாக அணைக்க ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆயிற்று. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் பாழாயின. ஓடிக்கொண்டிருந்த இரண்டு உலைகளையும் நிறுத்தினார்கள்.

சுவர் தடித்த கான்கிரீட். அதில் பற்றி எரிய ஒன்றுமில்லை. துளையை அடைத்த பொருள்தான் தீக்கு வழிவிட்டது.

‘இரண்டு மணி நேரச் சுவர்’, அதாவது அவ்வளவு நேரம் தீயைத் தாங்கும் சுவர், என்று பொறியாளர்கள் சொல்வது செங்கல்லையோ பலகையையோ மட்டும் அல்ல. சட்டம், பலகை, திருகு, பூச்சு எல்லாம் சேர்ந்த முழு அமைப்பையும் பெரிய சோதனை உலையின் வாயில் நிறுத்திச் சோதித்த பிறகு கிடைக்கும் பெயர் அது. உலைக்குள் ஐந்தாவது நிமிடத்திலேயே வெப்பம் 575 டிகிரி செல்சியஸை எட்டும்; ஒரு மணி நேரத்தில் 945, இரண்டு மணி நேரத்தில் 1,049. அவ்வளவு நேரமும் சுவர் சரியக்கூடாது. தீ நுழையும் விரிசல் விடக்கூடாது. மறுபக்கத்துச் சூடு சராசரியாக 140 டிகிரிக்கு மேல் உயரக்கூடாது. கடைசி நிபந்தனைதான் பலருக்குப் புதிதாக இருக்கும். ஓட்டை இல்லாவிட்டாலும், சுவர் கொதித்தால் அதை ஒட்டி வைத்த அலமாரித் துணி தானாகவே பற்றிக்கொள்ளுமே!

அமெரிக்கச் சோதனையில் இன்னொரு தண்டனையும் உண்டு: தீயில் வெந்த சுவர்மீது தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள்.

விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் ஜிப்சம் பலகை இதையெல்லாம் எப்படித் தாங்குகிறது? ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம், படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் தண்ணீர். அடுப்பிலுள்ள பாத்திரத்தில் தண்ணீர் வற்றும்வரை அடிப்பிடிக்காது, இல்லையா? அதே கதைதான். தண்ணீர் ஆவியாகி முடியும்வரை பலகையின் பின்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வற்றிய ஜிப்சம் சுருங்கி வெடிக்கும். அப்போது உதிராமல் பிடித்துவைக்கத்தான் தீத்தடுப்புப் பலகையில் கண்ணாடி இழைகளைக் கலக்கிறார்கள். இரும்புச் சட்டத்தின் இருபுறமும் 5/8 அங்குலப் பலகை ஒவ்வொன்று அடித்தால் ஒரு மணி நேரம். இரண்டிரண்டாக அடித்தால் இரண்டு மணி நேரம். திருகுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதுகூடச் சோதித்த அமைப்பில் குறித்திருக்கும். மேஸ்திரி தன் இஷ்டத்துக்கு மாற்றினால், அது சோதித்த சுவர் அல்ல.

இனி துளைகள். பிளாஸ்டிக் குழாய் தீயில் இளகி, சுவரில் வட்டமான ஜன்னலைத் திறந்துவிடும். அதனால் குழாயைச் சுற்றி ஒரு வளையம் மாட்டுவார்கள். வளையத்துக்குள் இருக்கும் பொருள் சூடேறினால் பல மடங்கு பொங்கி, இளகும் குழாயை நசுக்கி வாயை மூடிவிடும். தீ தானே கதவைச் சாத்திக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்புதான். ஏ.சி. காற்றுக்குழாய்க்குள் தானாக மூடும் தகடு. கேபிள் கட்டைச் சுற்றிப் பாறைக் கம்பளி, மேலே தீத்தடுப்புப் பசை. சுவரின் தலைப்பகுதியில் ஓர் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் பாரத்தில் தொய்யும் மேல்தளம் சுவரையே நசுக்கிவிடும். அந்த இடைவெளியையும் அசைவுக்கு ஈடுகொடுத்து, தீயையும் தடுக்கும் பொருளால்தான் நிரப்ப வேண்டும்.

சிக்கல், இவற்றைச் செய்பவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பது. சுவரை எழுப்பியவர் போன பிறகு பிளம்பர் வருகிறார், அப்புறம் எலக்ட்ரீஷியன், கட்டடம் திறந்து மூன்றாம் வருடம் இணையக் கேபிள் போடும் பையன். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அவன் போட்ட துளை யார் கண்ணிலும் படாது. அதனால்தான் ஒழுங்காகப் பராமரிக்கும் கட்டடங்களில் ஒவ்வொரு அடைப்பின் பக்கத்திலும் சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும்: எந்தப் பொருள், எத்தனை மணி நேரம், அடைத்த தேதி, அடைத்தவர் பெயர்.