மழை இல்லையா, தகவல் இல்லையா?

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையின் மேற்கே, நாமக்கல் மாவட்டச் சமவெளியில் அமைந்துள்ளது சேந்தமங்கலம். மரவள்ளியும் நிலக்கடலையும் விளையும் இவ்வட்டாரத்தில் மழையளவு என்பது உழவர் ஆவலோடு கேட்டறியும் செய்தியாகும். நம் நாட்டில் மழைமானியின் அளவு காலை 8.30 மணிக்குக் குறிக்கப்படுகிறது. 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்த நாளே மழைநாளாகக் கொள்ளப்படும். அவ்வளவைக் கைப்பேசியில் காட்டும் நிரலை மாணவி ஒருத்தி எழுதுகிறாள் எனக் கொள்வோம். அவளுக்கு வந்துசேரும் தரவு இவ்வாறு இருக்கலாம்:

{"நிலையம்": "சேந்தமங்கலம்", "தொலைபேசிக் குறியீடு": "04286", "மழை": 14}

இவ்வடிவம் ஜேசான் எனப்படும். டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்பவர் 2000-களின் தொடக்கத்தில் இதனை வரையறுத்துப் பரவச் செய்தார். இதில் பெயரும் மதிப்பும் இணைகளாக நிற்கும். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்; இங்கே தமிழில் தரப்பட்டுள்ளன. மதிப்பானது சரம், எண், உண்மை அல்லது பொய், வெற்று, அணி, பொருள் ஆகியவற்றுள் ஒன்றாக அமையும். தொலைபேசிக் குறியீடு மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதைக் காண்க. 04286 என முன்சுழியத்துடன் எழுதப்படும் எண்ணை ஜேசான் ஏற்பதில்லை. அதனை எவரும் கூட்டவோ கழிக்கவோ போவதுமில்லை. இலக்கங்களால் ஆனதாயினும் அது ஒரு பெயரே.

மாணவி தேர்ந்தெடுத்தது 2009-இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட கோ மொழி. இது நிலைத் தரவின மொழி. ஒவ்வொரு மாறியின் தரவினமும் நிரல் இயங்கும் முன்பே நிரல்பெயர்ப்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜேசான் தரவோ நிரல் இயங்கும்போதுதான் வருகிறது. சிக்கல் இங்கேதான் எழுகிறது.

எவ்வினமாகவும் இருக்கலாம் என்னும் பொதுவினத்தில் தரவைப் பெறுவது ஒரு வழி. லாரி அலுவலகத்தில் இறங்கிய மூட்டையைப் பிரித்துப் பார்த்த பின்னரே உள்ளிருப்பது இன்னதென்று சொல்ல முடிவதைப் போல, ஒவ்வொரு மதிப்பையும் அதன் இனம் இன்னதென உறுதிசெய்த பின்னரே பயன்படுத்த முடியும். கண்ணுக்கு 14 முழு எண்ணாகத் தோன்றினும், இவ்வழியில் எண்கள் அனைத்தும் 64 இரும மிதப்புப் புள்ளி எண்களாகவே வந்தமையும். முழு எண் என வலியுறுத்தினால் நிரல் இடையிலேயே நின்றுவிடும். உறுதிசெய்யும்போது மதிப்போடு ‘ஆம், இல்லை’ என்னும் விடையையும் சேர்த்துக் கேட்பதே பாதுகாப்பு. அடுக்குக்குள் அடுக்காக அமைந்த தரவில் இதனைப் படிதோறும் செய்ய வேண்டியிருப்பதால் நிரல் நீண்டு, படிப்போரைச் சலிப்படையச் செய்யும்.

தரவின் அமைப்பு முன்னரே தெரிந்திருப்பின், அதற்கேற்ற கட்டமைப்பை வரையறுத்துக்கொள்வதே மேலானது. நிலையம் ஒரு சரம், மழை ஓர் எண் என அறிவித்துவிட்டால், நிரலில் உறுப்பின் பெயரைப் பிழையாக எழுதினாலும் நிரல்பெயர்ப்பியே சுட்டிக்காட்டிவிடும். (உறுப்புக்கு ‘மழை’ என்றே பெயரிட இயலாது. ஐகாரக் குறி போன்ற உயிர்க்குறிகளைக் கோ மொழி பெயர்களில் ஏற்பதில்லை. தமிழர்க்கு இது ஒரு குறையே.)

ஆயினும் இவ்வழியில் ஓர் இடர் மறைந்துள்ளது. ஒரு நாள் மழைமானியின் அளவு வந்துசேரவில்லை. தரவில் ‘மழை’ என்னும் பெயரே இல்லை, அல்லது அதன் மதிப்பு வெற்று. கோ மொழி இதனைப் பிழையாகக் கருதாது. எண்ணுக்குரிய தொடக்க மதிப்பாகிய சுழியம் அவ்வுறுப்பில் அப்படியே நிற்கும். திரையில் ‘மழை 0 மி.மீ.’ என்று தோன்றும். இரவு முழுதும் மழை கொட்டியிருக்கலாம். அளவு பதிவாகாமலும் போயிருக்கலாம். தொலைவில் இருந்துகொண்டு தம் நிலத்தின் நிலையறிய விரும்பும் ஒருவர் அச்சுழியத்தை நம்பி, ஆள் அனுப்பி நீர் பாய்ச்சச் செய்யக்கூடும்.

இதனைத் தவிர்க்க, மழை உறுப்பை எண்ணாக அறிவிக்காமல் எண்ணைக் குறிக்கும் சுட்டாக அறிவிக்க வேண்டும். அளவு வந்திருந்தால் சுட்டு அதனைக் காட்டும். சுழியம் வந்திருந்தால் சுழியத்தைக் காட்டும். ஒன்றும் வராவிடில் வெறுமையாக இருக்கும். எண்ணை எடுக்குமுன் சுட்டு வெறுமையா எனச் சோதித்து, வெறுமையெனில் ‘இன்றைய அளவு வரவில்லை’ எனக் காட்டுமாறு மாணவி தன் நிரலைத் திருத்தி அமைக்கலாம்.