காசு கூறும் காலம்

மண்ணுள் புதைந்து கிடந்த பழங்காசு ஒன்று கிடைப்பின், அஃது எந்நாட்டது, எக்காலத்தது என்று அறிவது எங்ஙனம்? அரபு நாணயங்கள் பல இவ்வினாவிற்குத் தாமே விடை கூறுகின்றன.

உமையா மரபினரான கலீபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 77ஆம் ஆண்டில் (கி.பி. 696-697) உருவங்களை நீக்கி, எழுத்துக்களை மட்டுமே தாங்கிய தீனார் என்னும் பொற்காசை வெளியிட்டார். ஹிஜ்ரி 79இல் திர்ஹம் என்னும் வெள்ளிக்காசும் அவ்வாறே அமைந்தது. திர்ஹமில், அஃது அடிக்கப்பட்ட நகரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டன.

ஆண்டு இலக்கத்தால் அன்றிச் சொற்களால் எழுதப்பட்டது. முதலில் ஒன்றும், அடுத்துப் பத்தும், இறுதியில் நூறும் வரும். ஆயின், அக்காசுகளின் கூஃபி எழுத்துக்களுக்குப் பெரும்பாலும் புள்ளிகள் இடப்படவில்லை. புள்ளியின்றேல், ஏழு என்னும் பொருள் தரும் அரபுச் சொல்லும் ஒன்பது என்னும் பொருள் தரும் சொல்லும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஒரு காசின் ஆண்டு 197ஓ 199ஓ என ஐயம் எழுமாயின், அதிலுள்ள மன்னர் பெயரை நோக்குதல் வேண்டும். கலீபா அல்அமீன் பெயர் காணப்படின், அவர் ஹிஜ்ரி 198இல் (கி.பி. 813) கொல்லப்பட்டமையின், 197 என்பதே பொருந்தும்.

புள்ளி இல்லாமையால் எழுந்த ஐயத்தை ஒரு பெயர் தீர்த்துவிடுகிறது. ஆதலின் ஆராய்வோர் ஒரு சொல்லை மட்டும் நம்பாது, நகர், ஆண்டு, மன்னர் பெயர் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கியே முடிவு காண்பர்.