கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கமே நின்று படமெடுங்கள்

வண்டலூர் உயிரியல் பூங்காவில் புலியைப் பார்க்கும்போது நடுவில் கூண்டுக் கம்பி தெரியாது. சென்னை சென்ட்ரல் அருகே நெருக்கடியில் இருந்த பழைய பூங்கா, சுமார் 600 ஹெக்டேர் காட்டுப் பகுதிக்கு மாற்றப்பட்டு 1985 ஜூலையில் எம்.ஜி.ஆரால் திறக்கப்பட்டபோதே, பெரிய விலங்குகளுக்கு அகழி வெட்டிய திறந்தவெளி அடைப்பிடங்கள் என்று முடிவாகிவிட்டது. விலங்குக்கு அது நிம்மதி, படமெடுப்பவருக்கோ பெரிய வசதி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. செல்போன் திரையில் புலி மட்டும்தான் தெரியும், காலடியில் உள்ள அகழியின் ஆழம் தெரியாது. இன்னும் கொஞ்சம் எட்டினால் நன்றாக வரும் என்றே தோன்றும்.

2014 செப்டம்பரில் டெல்லி பூங்காவில் வெள்ளைப் புலி இருந்த அகழிக்குள் ஓர் இளைஞர் விழுந்து உயிரிழந்தார். பதறிய கூட்டம் கத்தியதும் கல்லெறிந்ததும் புலியை மேலும் மிரளவைத்தன என்று அப்போதே பேசப்பட்டது. 2024 பிப்ரவரியில் திருப்பதியில் தடுப்பைத் தாண்டிச் சிங்கத்தின் இடத்துக்குள் இறங்கிய ஒருவர் பலியானார். செல்ஃபி எடுக்கப் போனார் என்றே செய்திகள் வந்தன. 2019இல் அமெரிக்காவின் அரிசோனாவில், தடுப்பைக் கடந்து செல்ஃபி எடுத்த பெண்ணின் கையை ஜாகுவார் கீறியது. மூன்று இடத்திலும் விலங்கு தன் எல்லையைத் தாண்டவில்லை.

நல்ல படத்துக்குக் கிட்டப் போகவே தேவையில்லை. ஜூம் லென்ஸ் இருந்தால் நின்ற இடத்திலிருந்தே புலியின் மீசை வரை பிடிக்கலாம். வலைக்குப் பின்னால் பறவை இருந்தால், அனுமதிக்கப்பட்ட தூரத்திலேயே நின்று, லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து, பறவையின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். பறவை வலையை விட்டுத் தள்ளி இருந்தால் கம்பி மங்கி மறைந்துவிடும். கண்ணாடித் தடுப்பு என்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தால் போதும், பிரதிபலிப்பு வராது. ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் பட்டு உங்கள் படத்தையே கெடுக்கும்; இருட்டுக்குப் பழகிய ஆந்தை, தேவாங்கு போன்றவற்றின் கண்ணைக் கூசவைக்கும்.

முகத்தைத் திருப்பவைக்கக் கைதட்டுவது, விசிலடிப்பது, கடலையை வீசுவது எல்லாம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி குற்றம். 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. பகல் உச்சியில் பெரும்பாலான விலங்குகள் நிழலில் படுத்துவிடும். பூங்கா திறந்ததும் காலையிலேயே போனால் அவை தாமாகவே நடமாடும். வண்டலூரில் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

செல்போனுக்குக் கை வார் போட்டுக்கொள்ளுங்கள். அது உள்ளே விழுந்துவிட்டால் ஊழியரைக் கூப்பிடுங்கள், நீங்கள் இறங்காதீர்கள். யாராவது தவறி விழுந்தால் கல்லெறியாமல், கூட்டத்தை அமைதிப்படுத்திவிட்டுக் காப்பாளரை வரவழையுங்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பின்னால் புலி தெரிய வேண்டும் என்று குழந்தையைக் கைப்பிடிச் சுவரில் உட்காரவைக்காதீர்கள்.