நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்

நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் என்பது தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) இயற்றிய அங்கதக் கவிதை நூல் ஆகும். அன்று திருவிதாங்கூரில் அடங்கியிருந்த நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள்தாயம் வழக்கில் இருந்தது. இதன்படி ஒருவரது குடும்பச் சொத்து அவருடைய சகோதரியின் மக்களையே சேரும். மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' எனும் வரம்புக்குட்பட்ட பங்கே உண்டு. எனவே கணவன் இறந்தாலோ மணமுறிவு நேர்ந்தாலோ மனைவியின் பிழைப்பு கேள்விக்குறியானது.

காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் துயரைக் கூறுவதாக நூல் அமைந்துள்ளது. சிரிப்பூட்டும் வரிகளே பெரும்பாலானவை. ஆயினும் பேசுபவள் திக்கற்ற பெண் என்பது மறப்பதில்லை. 'மான்மியம்' என்றால் பெருமை. தலைப்பே ஓர் எள்ளல்தான்.

மருமக்கள்வழிக்கு எதிரான கருத்து வலுப்பெற இந்நூலும் உதவியது. 1926ல் திருவிதாங்கூர் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் இயற்றப்பட்டு, மக்கள்வழி உரிமைக்கு வழி பிறந்தது.