வண்டிக்கு வரும் மூட்டுவலி

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது காரின் முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். முதல் நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம். ஒரு வாரத்தில் பழகிவிடுகிறது. ஒரு மாதம் போனால் அது வண்டியின் இயல்பான ஓசையாகவே ஆகிவிடுகிறது. பேட்டரி இறங்கினால் அன்றைக்கே வண்டி நின்றுவிடும். சத்தம் எழுப்பும் சஸ்பென்ஷன் அப்படி நின்றுபோகாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஓட்டுபவரின் கையும் கூடவே பழகிக்கொள்ளும். அதனால் தினமும் ஓட்டுபவருக்குத்தான் தேய்மானம் கடைசியாகத் தெரியவருகிறது. இரவல் வாங்கி ஓட்டிய நண்பர்தான் “என்னப்பா, வண்டி ஒரு பக்கமா இழுக்குதே” என்று முதலில் சொல்வார். எனவே இதைத் தேடிப்போய்ப் பார்த்தால்தான் உண்டு.

தாங்குவதும் அடக்குவதும்

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். கார்களில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங். லாரிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் நிரம்பியிருக்கிறது. பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகவேண்டும். அந்த முயற்சியில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. மோசமான சாலையில் ஓடி வந்த வண்டியின் ஷாக் சூடாக இருப்பது அதனால்தான்.

சக்கரத்தையும் இவற்றையும் வண்டியோடு இணைப்பவை மூட்டுகள். பள்ளிப் பாடத்தில் படித்த பந்துக்கிண்ண மூட்டு நினைவிருக்கிறதா? நம் இடுப்பில் இருப்பது அது. காரின் பால் ஜாயின்ட்டும் அதே அமைப்புதான்: கிண்ணத்துக்குள் உருளும் ஓர் எஃகுப் பந்து, சுற்றிலும் கிரீஸ், மேலே ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மண்ணும் மழைநீரும் உள்ளே போகும். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் பந்து அரைபடும். எலும்பு எலும்போடு உரசாமல் குருத்தெலும்பு காப்பதுபோல, இரும்பு இரும்போடு மோதாமல் காப்பவை புஷ் எனப்படும் ரப்பர் வளையங்கள். வெயிலிலும் பாரத்திலும் இவை வெடித்துப்போகும். பிரேக் அழுத்தும்போதெல்லாம் ‘டொக்’ என்றால் முதலில் பார்க்கவேண்டியது, சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கீழ்க் கையின், அதாவது லோயர் ஆர்மின், புஷ்ஷை.

டயரைத் தடவிப் பாருங்கள்

சஸ்பென்ஷனின் குறை டயரில் எழுதப்பட்டுவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறிய காரின் சக்கரம் விநாடிக்குச் சுமார் 12 முறை சுற்றுகிறது. ஷாக் வலுவிழந்தால் சக்கரம் சாலையை ஒட்டி உருளாமல் துள்ளித் துள்ளிப் போகும். துள்ளி விழும் இடத்திலெல்லாம் ரப்பர் உரசித் தேயும். உள்ளங்கையை டயரின் மேல் வைத்துச் சுற்றிலும் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். டயரின் உள்ளோரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் கோணம் மாறியிருக்கிறது. அலைன்மென்ட்டோ, புஷ்ஷோ, பால் ஜாயின்ட்டோ காரணமாக இருக்கலாம்.

ஷாக்கைச் சோதிக்க இன்னோர் எளிய வழி உண்டு. காரின் ஒரு மூலையை மூன்று நான்கு முறை அழுத்தி ஆட்டிவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. தொடர்ந்து ஆடினால் ஷாக் ஓய்ந்துவிட்டது. அதன் உடலில் லேசான எண்ணெய்ப் பசை இருந்தால் அஞ்சவேண்டாம். எண்ணெய் வழிந்து அழுக்கு அப்பியிருந்தால் மாற்றவேண்டியதுதான். மாற்றும்போது இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால்

மெக்கானிக் செய்யும் முக்கியமான சோதனை இது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் இரு கைகளால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவார். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்வார். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் காரில் பால் ஜாயின்ட், லாரியில் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின். பிறகு 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுவார். அங்கே ஆட்டம் தெரிந்தால் முதல் சந்தேகம், ஸ்டீரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் மூட்டான டை ராட் எண்டின் மேல்.

ஜாக்கி எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். இன்றைய சிறிய கார்கள் பலவற்றின் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த மெக்ஃபர்சன் ஸ்டிரட் இருக்கிறது. அதில் உடலைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியில் அப்படிச் செய்தால் ஸ்பிரிங்கின் இறுக்கமே மூட்டின் தேய்மானத்தை மறைத்துவிடும். அங்கே ஜாக்கி ஆர்முக்குக் கீழேதான் நிற்கவேண்டும். எந்த வண்டியானாலும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது. ஸ்டாண்டும் சக்கரத்துக்கு அண்டைக் கட்டையும் கட்டாயம்.

லாரியின் பட்டைகள்

லாரியில் பார்வைதான் பெரிய கருவி. சமதளத்தில் நிறுத்தி, பின்னால் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பாரம் இல்லாமலே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டைகள் தளர்ந்திருக்கலாம், உடைந்தும் இருக்கலாம். அருகில் போனால் பட்டையின் குறுக்கே மெல்லிய செந்துருக் கோடு ஒன்று தெரியும். விரிசலில் ஈரம் புகுந்து துருவாகக் கசிந்த அடையாளம் அது. ஒரு பட்டை உடைந்தால் அதன் சுமை மற்றவற்றின் மேல் விழும். அவையும் அடுத்தடுத்து உடையும்.

பட்டைகளை அச்சோடு கட்டிப்பிடித்திருப்பவை யூ போல்ட்டுகள். அவை தளர்ந்தால் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் முழு இழுப்பையும் தாங்கவேண்டும். அது முறிந்தால் அச்சு நகரும். லாரி நண்டு போல் சாய்வாக ஓடும். ஸ்டீரிங்கை நேராக வைத்து, இருபுறமும் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவுக்கு டேப் பிடித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தேய்ந்த மூட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு வீல் அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. ஆடும் மூட்டில் எந்த அளவும் நிற்காது. முதலில் மூட்டு, பிறகு அலைன்மென்ட், இதுதான் வரிசை. அடுத்த சர்வீசில் எண்ணெய் மாற்றியதோடு கிளம்பிவிடாதீர்கள். உங்கள் கண்ணெதிரே சக்கரத்தை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். டை ராட் எண்டு உள்ளங்கையில் அடங்கும் பொருள்தான். ஓடும்போது அது கழன்றுவிட்டால், ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தச் சக்கரம் கேட்காது.