குருமா கூறும் கதை

நாட்டுக்கு எல்லை உண்டு. ஆட்சிக்கு எல்லை உண்டு. உணவுக்கு எல்லை உண்டோ? விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் செஞ்சிக் கடைத்தெருவில், பொழுது சாய்ந்த பின் ஏதேனும் ஒரு பரோட்டாக் கடையின் முன் சற்று நின்றால் போதும்.

பரோட்டா மாஸ்டர் எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை மேடையில் தட்டுகிறார். வீசி வீசி மெல்லிய துணிபோல் ஆக்குகிறார். மடித்துச் சுருட்டி, மீண்டும் தட்டிக் கல்லில் போடுகிறார். வெந்தவற்றை அடுக்கி இரு கைகளாலும் பக்கவாட்டில் அடிக்கிறார். அந்த அடியில்தான் அடுக்குகள் பிரிந்து பரோட்டா மென்மை பெறுகிறது. பக்கத்து அடுப்பில் குருமா கொதிக்கிறது. நாள்தோறும் நாம் சொல்லும் இந்தக் ‘குருமா’ எந்த நாட்டுச் சொல்?

சொல் வந்த வழி

அது துருக்கிய மொழியில் வேர் கொண்ட சொல். அங்கே ‘கவுர்மா’ என்றால் வறுத்தது என்று பொருள். அதுவே உருதுவில் ‘கோர்மா’ ஆகி, நம் நாவில் ‘குருமா’ ஆயிற்று. கொத்திய இறைச்சியை நாம் ‘கைமா’ என்கிறோம். துருக்கியர் ‘கிய்மா’ என்கின்றனர். நம் கோட்டையின் வரலாற்றோடு ஒட்டிய ‘துப்பாக்கி’ என்னும் சொல்லும் துருக்கியரின் ‘துஃபெக்’ என்பதிலிருந்து வந்ததே. சமையலறைக்கு ஒரு சொல், போர்க்களத்துக்கு ஒரு சொல்! படையெடுத்தோர், வணிகர், சமையற்காரர் எனப் பலர் வழியாக இவை தெற்கே வந்து சேர்ந்தன.

பாசறையும் பசியும்

‘உருது’ என்ற பெயரே துருக்கியச் சொல்தான். படையினர் தங்கும் பாசறை என்பது அதன் பொருள். முகலாய அரசை நிறுவிய பாபர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியதும் சகதாய் என்னும் துருக்கிய மொழியில்தான்.

அத்தகைய பெரும் பாசறை ஒன்று நம் ஊரைச் சுற்றியும் இருந்தது. சிவாஜி 1677-இல் கைப்பற்றிய செஞ்சிக் கோட்டையில் அவர் மகன் இராஜாராம் தங்கியிருந்தபோது, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் வந்து முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல். இடையில் நடந்ததைக் கேளுங்கள். 1692-ஆம் ஆண்டின் இறுதியில் மராட்டியப் படைகள் வெளியிலிருந்து வந்து முகலாயரை வளைத்துக்கொண்டன. தானியம் வரும் வழி அடைபட்டது. முற்றுகையிட வந்தவர்களே பட்டினியால் வாடி, வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. இராஜகிரியின் அடிவாரத்தில் இன்றும் நிற்கும் நெற்களஞ்சியத்தைப் பார்க்கும்போது, பீரங்கியைவிட நெல்லே பெரிய படைக்கலம் என்பது நமக்கு விளங்கும்.

நம் அடுப்பில் நேர்ந்த மாற்றம்

துருக்கியரின் கவுர்மா, இறைச்சியை அதன் கொழுப்பிலேயே வறுத்துக் குளிர்காலத்துக்குச் சேமித்து வைக்கும் உணவு. வட இந்தியாவில் அதில் தயிரும் பருப்பு வகைகளும் சேர்ந்தன. நாமோ தேங்காய், கசகசா, சோம்பு அரைத்து ஊற்றினோம். உருளைக்கிழங்கு போட்டுச் சைவக் குருமாவும் செய்தோம். அந்த உருளைக்கிழங்கும், தக்காளியும், பச்சை மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் வழியே நம்மை அடைந்தவை. ஆக, ஒரு கிண்ணம் குருமாவில் மூன்று கண்டங்கள் கலந்திருக்கின்றன!

லோகந்தாவும் நம் கடையும்

துருக்கி நாட்டில் தெருவுக்குத் தெரு ‘லோகந்தா’ எனப்படும் எளிய உணவுக் கடைகள் உண்டு. சமைத்த உணவுகளைத் தட்டுகளில் வரிசையாக வைத்திருப்பர். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டினால் போதும். பருப்பு சூப்பும், ‘பிலாவ்’ எனப்படும் சோறும் அங்கே அன்றாட உணவு. ‘அய்ரான்’ என்று உப்பிட்ட மோர் அருந்துவர். கேட்காமலே ரொட்டி வைப்பதும் வழக்கம். இங்கோ, “இன்னும் கொஞ்சம் சால்னா” என்றால் காசு கேளாமல் ஊற்றுகிறார்கள். பசித்து வந்தவர் வயிறார உண்ண வேண்டும் என்னும் எண்ணம் இரண்டு நாட்டுக்கும் பொதுவன்றோ!

பெஞ்சில் அமர்வது யார்?

தட்டில் உலகமே ஒன்றாக அமர்ந்துவிட்டது. தட்டுக்கு முன்னால் உள்ள பெஞ்சில்? இதுவே நாம் சிந்திக்க வேண்டியது. சாதி பார்த்துத் தனி இடமும், தேநீர்க் கடையில் தனிக் குவளையும் வைத்த வழக்கம் நம் தமிழகத்தில் இருந்தது. 1950 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி உணவகத்தில் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அவ்வரிசையில் ‘பால்’ என்ற சொல்லும் இருப்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். இன்றும் சிற்றூர்களில் அண்ணன் தம்பியர் கடையில் அமர்ந்து சூடாக உண்ண, பெண் பிள்ளைகளுக்குப் பொட்டலமே வீடு தேடி வருகிறது. கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும் பரோட்டாவின் சுவை, ஆறிய பொட்டலத்தில் ஏது? அம்மாவும் நாமும் கூடச் சென்று அமர்ந்து உண்பதில் குறை ஒன்றுமில்லை.

செஞ்சி மண்ணுக்கு நட்பு புதிதன்று. 1714-இல் போரில் மாண்ட தேசிங்கு ராஜாவுக்கு உயிர்த் தோழன் மகபத்கான் என்ற இசுலாமிய வீரன். நண்பனுக்காகத் தன் திருமணத்தையும் விட்டு ஓடி வந்தான் என்று நாட்டுப்புறக் கதை அவனைப் போற்றுகிறது.

2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது நம் செஞ்சி ஒன்றே. இனி எங்கெங்கிருந்தோ விருந்தினர் வருவர். மலையேறி இறங்கிப் பசியோடு நம் கடைத்தெருவுக்கும் வருவர். யார் எவர் என்று கேளாமல் சற்றே நகர்ந்து அவர்களுக்கும் இடம் கொடுப்போம். குருமாவின் கதையையும் கூறுவோம்!