தைராய்டும் மூளையின் ஆணையும்

தைராய்டுக் குறையைப் பற்றிக் கேள்வியுறாத குடும்பம் இன்று சென்னையில் அரிது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள மருந்துக் கடைகளில் தைராக்ஸின் மாத்திரை அன்றாடச் சரக்காகிவிட்டது. சென்னை, மும்பை, டில்லி, கல்கத்தா முதலிய எட்டு நகரங்களில் 5,000க்கு மேற்பட்டோரைச் சோதித்து 2013இல் வெளியான ஆராய்ச்சியில், வயது வந்தோரில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு இச்சுரப்புக் குறைந்திருப்பதாகக் காணப்பட்டது. அரசியலில் ஈடுபட்டுள்ள நமது நேயர்கள், “இது வைத்தியர்கள் விஷயம், நமக்கென்ன?” என்று கேட்கக்கூடும். பிறக்கும் குழந்தையின் அறிவையும் வளர்ச்சியையும் ஒரு துளி ரத்தப் பரிசோதனையால் காக்க முடியுமானால், அது பொதுஜன விஷயமேயன்றி வேறன்று. ஆனால் அப்பரிசோதனை எங்கே தவறக்கூடும் என்பதை உணர, உடலினுள் நடைபெறும் ஆட்சிமுறையைச் சிறிது அறிந்தாக வேண்டும்.

கழுத்திலுள்ள தைராய்டு தன்னிச்சையாக வேலை செய்வதில்லை. அதற்கு மேலே, மூளையின் அடியில், பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி இருக்கிறது. டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பித் தைராய்டைத் தூண்டுவது அதுவே. பிட்யூட்டரிக்கும் மேலதிகாரி ஒன்று உண்டு. ஹைப்போதலாமஸ் என்னும் அம்மூளைப் பகுதி, டி.ஆர்.எச். என்ற ஆணையை நுண்ணிய ரத்தக் குழாய்களின் வழியே பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது. இவ்வாணை மூன்றே அமினோ அமிலங்களாலானது. எனினும் அதன் அமைப்பைக் கண்டறிய, அமெரிக்காவில் ரோஜர் கில்லெமின் லட்சக்கணக்கான ஆடுகளின் மூளைகளையும், ஆண்ட்ரூ ஷால்லி பன்றிகளின் மூளைகளையும் பல்லாண்டுகள் ஆராய வேண்டியிருந்தது. 1969இல் உண்மை வெளிப்பட்டது. 1977இல் இருவரும் ரோஸலின் யாலோ அம்மையாருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆணை பிறந்தால் மட்டும் போதுமா? அதைக் கேட்கும் செவியும் வேண்டுமன்றோ? பிட்யூட்டரி அணுக்களின் மேற்சவ்வில் பதிந்துள்ள ஒரு புரதமே அச்செவியாகும். ஆங்கிலத்தில் ரிஸெப்டர் எனப்படுவதை நாம் ஏற்பி என்போம். எலியினத்து ஏற்பியின் மரபுச் செய்தி 1990இல் படித்தறியப்பட்டது. மனிதனுடைய ஏற்பி 398 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. அது அணுவின் சவ்வை ஏழு முறை ஊடுருவி, ஏழு சுருள்களாக வட்டமிட்டு நிற்கிறது. ஒரு முனை வெளியே இருக்கிறது. மறு முனை வால்போல் அணுவினுள் தொங்குகிறது. வெளிப்புற வளைவுகளைக் கந்தகப் பிணைப்பு ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கிறது. சுருள்களின் நடுவே உள்ள பள்ளத்தில்தான் டி.ஆர்.எச். வந்து அமர்கிறது. மூன்றாம் சுருளில் 106ஆம் இடத்து டைரோஸினும், ஏழாம் சுருளில் 306ஆம் இடத்து ஆர்ஜினினும் அதைப் பற்றிக்கொள்ளும் விரல்களில் முக்கியமானவை. 2022இல் சீன விஞ்ஞானிகள், கடுங்குளிரில் உறையவைத்த புரதத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் நோக்கி, ஆணையும் செவியும் கூடியிருக்கும் நிலையையே படமாக்கினார்கள்.

ஆணை அமர்ந்ததும் சுருள்கள் இடம் பெயர்கின்றன. குறிப்பாக ஆறாம் சுருளின் உட்பக்கம் வெளிநோக்கி விலகுகிறது. அவ்வாறு திறந்த இடைவெளியில் ஜி-க்யூ என்னும் புரதம் வந்து பொருந்தி, விழிப்படைகிறது. அது பாஸ்போலைபேஸ்-சி என்ற நொதியை ஏவ, நொதி சவ்விலுள்ள கொழுப்புப் பொருளொன்றை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு துண்டு அணுவின் உட்களஞ்சியத்திலிருந்து கால்சியத்தை வெளியேற்றுகிறது. மற்றொன்று புரதக் கைனேஸ்-சி என்ற ஊழியனை எழுப்புகிறது. இவ்விரண்டின் விளைவாக டி.எஸ்.எச். ரத்தத்தில் பாய்கிறது. டி.எஸ்.எச். முழு வீரியம் பெறுவதற்கு அதன்மீது சர்க்கரைச் சங்கிலிகள் சரிவர அமைய வேண்டும். அதற்கும் இவ்வாணை அவசியம். நேயர்கள் இதை நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம், பின்னால் பயன்படும்.

தூண்டுதல் எவ்வளவு இன்றியமையாததோ, அடக்குதலும் அவ்வளவே இன்றியமையாதது. கட்டுக்கடங்காத அதிகாரம் நாட்டைப்போலவே உடலையும் கெடுக்கும். ஆகையால் இந்த ஏற்பிக்குப் பல கடிவாளங்கள் இடப்பட்டுள்ளன. ஆணை நீடித்து ஒலித்தால், சில நொடிகளுக்குள் கைனேஸ் நொதிகள் ஏற்பியின் வாலில் பாஸ்பேட் முத்திரைகளைக் குத்துகின்றன; 365ஆம் இடத்துத் திரியோனின் இதில் முதன்மையானது. முத்திரையைக் கண்டதும் அர்ரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டிக்கொண்டு, ஜி-புரதத்துக்கு வழியை அடைக்கிறது. ஏற்பியும் அணுவினுள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. ஆணை ஓய்ந்தபின் முத்திரைகள் நீங்கி, அது சவ்வுக்குத் திரும்புவதும் உண்டு. மேலும், ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் அது மேலிடத்துக்கு ஏறிச் சென்று, டி.ஆர்.எச். உற்பத்தியையும் ஏற்பிகளின் எண்ணிக்கையையும் ஒருங்கே குறைக்கிறது. கீழிருந்து வரும் செய்தியைக் கேட்டு மேலிடம் தன்னைத் திருத்திக்கொள்ளும் இம்முறையை நமது சர்க்கார் இலாகாக்களும் கற்றுக்கொண்டால் நலமாயிருக்கும்!

இவ்வறிவெல்லாம் அயல் நாட்டாரின் தனிச் சொத்து என்று எண்ண வேண்டாம். 1952இல் சென்னைச் சர்வகலாசாலைக்கு வந்த ஜி. என். ராமச்சந்திரன், கிண்டியில், அடையாறுத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், புரதங்களின் வடிவை ஆராயத் தொடங்கினார். 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூவிழைச் சுருளைக் கண்டனர். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எக்கோணங்களில் திரும்பலாம், எக்கோணங்களில் அணுத்துகள்கள் மோதிக்கொள்ளும் என்பதைத் தெளிவாக்கியது. கணினி அரிதாயிருந்த காலத்தில் செய்த கணக்கு அது. இன்று உலகில் எங்கே புதிய புரத வடிவம் வெளியானாலும், அதைக் கிண்டியில் பிறந்த அந்த வரைபடத்தின்மேல் வைத்துச் சரிபார்ப்பது வழக்கம். நாம் மேலே சொன்ன ஏழு சுருள்களும் அவ்வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட ஒரு சிறு பகுதியில்தான் அடங்கும். பக்கத்திலேயே உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் பயின்ற மதன் பாபு, கேம்பிரிட்ஜில் வெங்கடகிருஷ்ணன் முதலியோருடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வினத்து ஏற்பிகளுக்கெல்லாம் பொதுவான உட்பிணைப்புகள் 24 இருப்பதைக் காட்டிற்று. நமது இளைஞர்களின் திறமைக்குக் குறைவில்லை. அதற்கு இங்கேயே களம் அமைத்துத் தருவதில்தான் குறை.

இனி, செவியே பழுதுற்றால் என்னாகும்? 1997இல், வயதுக்கேற்ற வளர்ச்சியற்ற ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய விவரம் வெளியாயிற்று. தாய் வழியிலும் தந்தை வழியிலும் பெற்ற இரு பிழைகளால் அவனுடைய டி.ஆர்.எச். ஏற்பி செயலற்றிருந்தது. தைராக்ஸின் குறைந்திருந்தும், அவனுடைய டி.எஸ்.எச். அளவு உயரவில்லை. உள்ள டி.எஸ்.எச்.சும் வீரியம் குன்றியது. அதன் காரணத்தை மேலே கூறினோம். சாதாரணத் தைராய்டுக் குறையில் டி.எஸ்.எச். ஏறுவதுதான் அபாய அறிவிப்பு. மேலிடமே பழுதானபோது அம்மணி ஒலிப்பதில்லை. ஆகவே டி.எஸ்.எச். ஒன்றையே அளக்கும் பரிசோதனை இக்குழந்தைகளை “சௌக்கியம்” என்று அனுப்பிவிடும்.

ஏற்பிப் பழுது மிகமிக அரிது என்பது உண்மை. ஆனால் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி ஆகியவற்றின் கோளாறுகள் அனைத்தையும் சேர்த்தால் கணக்கு வேறு. பிறந்த குழந்தைகளுக்குத் தைராக்ஸினையும் அளக்கும் ஹாலந்து தேசத்தில், சுமார் 16,000 பிறப்புக்கு ஒன்று இவ்வகையில் கண்டுபிடிக்கப்பட்டது. தைராய்டே பழுதான குழந்தைகளோ நம் நாட்டில் மிக அதிகம். சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களைச் சோதித்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் கணக்கில், ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இக்குறை இருந்தது. தென்னாட்டில் விகிதம் இன்னும் கூடுதல். முதல் சில வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் அக்குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். தாமதித்தால் மந்தபுத்தி நிரந்தரமாகும்.

எனவே நாம் வற்புறுத்துவது இரண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரியிலாயினும் தனியார் ஆஸ்பத்திரியிலாயினும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் குதிகாலிலிருந்தும் ஒரு துளி ரத்தம் எடுத்துத் தைராய்டுப் பரிசோதனை செய்வதைத் தவறாத நியமமாக்க வேண்டும். இது முதற் கடமை. வசதியுள்ள இடங்களில் டி.எஸ்.எச்.சுடன் தைராக்ஸினையும் அளக்க வேண்டும். வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு டி.எஸ்.எச். ஒன்றைமட்டும் பார்த்துத் திருப்தியடையலாகாது, இது இரண்டாவது. மாத்திரையின் விலை சொற்பம். பரிசோதனைச் செலவும் தாங்கக்கூடியதே. வார்டுதோறும் ஊழியம் செய்யும் அன்பர்கள், தேர்தல் காலத்தில் வீடு வீடாய்ச் செல்லும் அதே உற்சாகத்துடன் பிரசவமான வீடுகளுக்கும் சென்று, “குழந்தைக்குக் குதிகால் ரத்தம் எடுத்தாயிற்றா?” என்று கேட்பார்களாக. தேசத்தொண்டில் இதனினும் எளியதும் பயன் மிக்கதுமான காரியம் பிறிதொன்று நமக்குத் தோன்றவில்லை.